"இதுல புளிப்புக்கு என்ன போடுறீங்க?": அசல் ஊர்ச் சாப்பாட்டைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி

[காட்சி: ஹோட்டல் மேஜை. மூடி வெச்ச மெனு கார்டு.]

வணக்கம் மக்களே! வெளியூர் போறீங்க. போர்டுல 'அசல் கோவா சாப்பாடு', 'ஒரிஜினல் கேரளா ருசி'ன்னு பெருசா எழுதியிருக்கு. நம்பி உள்ள போலாமா? போங்க. ஆனா ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி சப்ளையர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அண்ணே, இந்தக் குழம்புல புளிப்புக்கு என்ன போடுறீங்க?" வர்ற பதில்லயே பாதி தெரிஞ்சிடும்.

பின்னணியைச் சட்டுனு சொல்லிடறேன். 1947 பிரிவினையில பெஷாவர் பக்கமிருந்து டெல்லிக்கு வந்தவங்க தர்யாகஞ்ச்ல தந்தூரி அடுப்பு போட்டாங்க. பட்டர் சிக்கன் அங்கிருந்துதான் பரவுச்சு. அருமையான சமையல்தான், ஆனா அது ஒரு பக்கத்துச் சமையல். அதுவே எல்லா ஊர்லயும் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' மெனுவா ஆகி, மத்த ஊர்ச் சாப்பாடெல்லாம் கடைசிப் பக்கத்துல ரெண்டு வரியா ஒதுங்கிடுச்சு.

சரி, புளிப்புக்கு வருவோம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன்.

உப்பு எங்க போனாலும் உப்புதான். காரத்துக்குப் பெரும்பாலும் மிளகாய்தான். புளிப்பு மட்டும் மண்ணுக்கு மண் மாறும், ஏன்னா அது அந்தந்த ஊர் மரத்துல காய்க்கிறது. சமையல்காரர் அவசரத்துக்குக் கை வைக்கறதும் முதல்ல அங்கதான். ரெண்டு தக்காளியை அரைச்சு ஊத்திட்டா வேலை முடிஞ்சுதே!

கோட்டயம் மீன் கறியை எடுத்துக்கோங்க. அதுக்குக் குடம்புளி வேணும். பழத்தைக் கீறி, புகையில காயவெச்சு, கரேல்னு சுருங்கின துண்டா வெச்சிருப்பாங்க. மண்சட்டியில மீனோட கிடந்து ஊற ஊற, மறுநாள்தான் ருசி கூடும். "நேத்து வெச்ச மீன் கறி இருக்கா?"ன்னு கேட்டு, "இருக்கு"ன்னு சந்தோஷமா சொன்னா, தைரியமா உட்காருங்க.

அப்படியே குடகுக்கு வாங்க. அங்க பந்தி கறின்னு ஒண்ணு. பந்தின்னா பன்றி. மடிக்கேரியில ஒரு வீட்டு மெஸ்ல சாப்பிட்டப்போ, சமைக்கற அக்கா என்னை அடுப்படிக்கே கூப்பிட்டுக் காட்டினாங்க. ஒரு பழைய கண்ணாடி பாட்டில். உள்ள தார் மாதிரி கறுப்பா ஒரு திரவம். பெரிய சட்டி நிறைய கறிக்கு அதுல ஒரே ஒரு கரண்டிதான் விட்டாங்க. மொத்தக் கறியும் கறுத்து, வாசனையே மாறிடுச்சு. அதுதான் கச்சம்புளி. பழச்சாறை இறக்கி, சுண்டக் காய்ச்சி எடுக்கறது. அது என்ன பழம் தெரியுமா? கேரளாக்காரங்க புகையில காயப்போட்டாங்களே, அதே குடம்புளிதான்! ஒரே மரம். ஒரு ஊர்ல உலர்த்தினாங்க, இன்னொரு ஊர்ல காய்ச்சினாங்க.

[காட்சி: மங்குஸ்தான் பழம், பக்கத்துல கோகம், குடம்புளி, தெக்கெரா.]

இன்னும் கேளுங்க. கொங்கண் கரையில கோகம். தேங்காய்ப்பால்ல அதைச் சேர்த்தா ரோஸ் கலர்ல சோல் கடின்னு ஒரு பானம் வரும். அஸ்ஸாம்ல தெக்கெரா, அதைப் போட்டு மீன்ல புளிப்பா ஒரு குழம்பு, மாசோர் தெங்கா. குடம்புளி, கோகம், தெக்கெரா மூணுமே நம்ம குற்றாலத்துல சீசனுக்கு விக்குற மங்குஸ்தானுக்குச் சொந்தக்கார மரங்கள்! ஆனா நம்ம சாம்பார்ல போடுற புளிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அரேபியர்கள் அதுக்கு 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சைன்னு பேர் வெச்சுட்டாங்க. அந்த அளவுக்கு அது நம்ம வீட்டுப் பிள்ளையாயிடுச்சு.

அடுத்தது கோவா விந்தாலு. போர்ச்சுகீசியர்கள் கறியை ஒயினும் பூண்டும் போட்டு ஊறவெச்ச பக்குவத்துல இருந்து வந்தது, பேரும் அதுல இருந்துதான். கோவாவுல அதுக்குக் கள்ளுல இருந்து எடுத்த வினிகர் வந்து சேர்ந்துச்சு. ஒரு பெரிய கடையில எனக்கு உருளைக்கிழங்கு போட்டு விந்தாலு கொடுத்தாங்க. கேட்டா, "பேர்லயே ஆலு இருக்கே சார்"னாங்க. இந்தியில ஆலுன்னா உருளைக்கிழங்காச்சே! மனசு வலிச்சுது மக்களே. காசு போனதுக்காக இல்ல, கோவா சமையல்னாலே இதுதான்னு நினைச்சுட்டு எத்தனை பேர் எழுந்து போயிருப்பாங்க!

புளிப்புக் கேள்வி எல்லா இடத்துலயும் எடுபடாது. காஷ்மீர் ஆட்டுக்கறிக் குழம்பு ரோகன் ஜோஷுக்கு வெங்காயத்தைப் பத்திக் கேளுங்க. பண்டிட் வீடுகள்ல வெங்காயமும் பூண்டும் கிடையாது, பெருங்காயமும் சோம்புப் பொடியும்தான். முஸ்லிம் வீடுகள்ல அங்க விளையற சின்ன வெங்காயம் சேரும். ரெண்டுமே அசல்தான். எந்த வீட்டுச் சமையல்னு கடைக்காரர் தெளிவாச் சொன்னா போதும்.

இப்படிப்பட்ட கடையை எங்க தேடறது? மேப்ல 'பெங்காலி ரெஸ்டாரன்ட்'னு போடாதீங்க. 'ஷுக்தோ'ன்னு பதார்த்தத்தோட பேரைப் போடுங்க. அந்தக் கசப்புக் கூட்டைத் தேடிப் போய்ச் சாப்பிட்டு எழுதறவங்க பெரும்பாலும் அந்த ஊர்க்காரங்களாத்தான் இருப்பாங்க. கொல்கத்தாவுலயே இருந்தா பைஸ் ஹோட்டல்னு சொல்ற பழைய சாப்பாட்டுக் கடைகளுக்குப் போங்க. பல இடத்துல வாழை இலை போட்டு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனித்தனியா கணக்குப் போடுவாங்க. டெல்லியில இருக்கறவங்க கொடுத்து வெச்சவங்க. ஆந்திரா பவன் மாதிரி மாநில அரசு விருந்தினர் மாளிகைகள்ல கேன்டீன்கள் இருக்கு, வடகிழக்குச் சாப்பாட்டுக்கு ஹுமாயூன்பூர் ஏரியா இருக்கு. பொதுவா, சொந்த ஊரை விட்டு வந்தவங்க மதியச் சாப்பாட்டுக்கு எங்க ஒதுங்கறாங்கன்னு பாருங்க, அங்க போங்க.

உங்க ஊர் மீன் குழம்புல புளிப்புக்கு என்ன? புளியா, மாங்காயா, வேற ஏதாவதா? ஊர் பேரோட கமெண்ட்ல எழுதுங்க, ஒண்ணு விடாம படிப்பேன். மடிக்கேரி அக்கா கொடுத்தனுப்பின கச்சம்புளி இன்னும் அரை பாட்டில் இருக்கு. அதை நம்ம நாட்டுக்கோழி வறுவல்ல ஒரு கரண்டி விட்டுப் பார்க்கலாமா? அதையும் சொல்லுங்க.