பழைய சட்டையிலிருந்து பொம்மைக்கு ஒரு கவுன்

[காட்சி: மேசை மீது துவைத்து வெளுத்த நீலக் கட்டம் போட்ட பருத்திச் சட்டை, அருகில் உடையில்லாத பொம்மை, கத்தரி, ஸ்கேல்.]

வணக்கம். வீட்டில் இனி யாரும் போடப்போவதில்லை என்று ஒதுக்கிவைத்த சட்டை ஒன்றிலிருந்து, ஏறக்குறைய 29 செ.மீ. உயரமுள்ள பொம்மைக்குக் கையில்லாத கவுன் தைக்கும் முறையை இந்தக் காணொளியில் பார்க்கலாம். 1959-இல் அமெரிக்காவில் பார்பி விற்பனைக்கு வந்தபோது அதன் உயரம் பதினொன்றரை அங்குலம். அதன் பிறகு வந்த பல பொம்மைகளும் இதே உயரத்தைப் பின்பற்றுவதால், இங்கே சொல்லும் அளவுகள் அவற்றுக்கும் ஓரளவு பொருந்தும்.

மும்பையில் துணிக்குப் பஞ்சமே கிடையாது. மங்கள்தாஸ் மார்க்கெட்டில் புதுத்துணி மலையாகக் குவிந்திருக்கிறது. தாராவியின் தையற்கூடங்களிலோ வெட்டி எஞ்சிய துண்டுத்துணியை (மும்பைப் பேச்சில் ‘சிந்தி’) மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் பழைய சட்டைதான் வேண்டும் என்று சொல்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை.

[காட்சி: புதிய பாப்ளின் துண்டும் பழைய சட்டைத் துண்டும் அடுத்தடுத்துப் பொம்மையின் இடுப்பில் சுற்றப்படுகின்றன.]

இந்தப் பொம்மை மனித உருவத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. உடலை ஆறில் ஒன்றாகச் சுருக்கிவிடலாம். துணியின் தடிமனைச் சுருக்க முடியாது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள துணியைப் பொம்மை உடுத்தும்போது, நாம் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தார்ப்பாயை உடுத்துவதற்கு அது சமமாகிவிடுகிறது. அதோடு, பாவாடைப் பகுதியின் நீளம் ஒரு சாண்கூட இல்லாததால், தன் எடையாலேயே கீழே இழுபட்டு மடிந்து விழுவதற்கு வேண்டிய கனம் அந்தத் துணிக்கு இருப்பதில்லை. கஞ்சி ஏறிய புதுத்துணியாக இருந்தால் அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கும். பல வருடங்கள் துவைக்கப்பட்ட சட்டையிலோ கஞ்சி போய்விட்டது, நூல் இளகிவிட்டது, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கியும் ஆகிவிட்டது. இப்படிப்பட்ட துணி எந்தக் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்காது.

ஆண்களின் மெல்லிய பருத்திச் சட்டை, மல் வேட்டி, கைக்குட்டை, நைந்த காட்டன் புடவை ஆகியவை நன்றாக உதவும். ஜீன்ஸும் துண்டும் உதவா. பருத்தியா கலப்பா என்று ஐயம் வந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித நாற்றத்தோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாலியெஸ்டர் மிகுதியாகக் கலந்த துணியில் இஸ்திரி மடிப்பு சரியாகப் படியாது என்பதால், இவ்வளவு சிறிய தையலுக்கு அது சிரமம் தரும். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்து வீடுகளின் பெட்டியடியில் கிடக்கும் பழைய பட்டுப்புடவையைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு பெரும்பாலும் இற்றுப்போயிருக்கும். கொலுவில் மரப்பாச்சிக்குச் சுற்றிக் கட்ட அது போதும். ஊசி ஏறினால் தாங்காது.

துணியிலுள்ள உருவங்களும் ஆறு மடங்காகத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. 2 செ.மீ. பூ பொம்மையின் மேல் 12 செ.மீ. பூவாகிவிடும். அரை செ.மீ.க்கு உட்பட்ட கட்டமோ பொடிப்பூவோ இருந்தால் கவுன் கவுனாகத் தோன்றும்.

[காட்சி: சட்டையின் முதுகுப் பகுதியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தல்.]

வெட்டுவதற்கு முன், துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். காலர், அக்குள், முழங்கை ஆகிய இடங்களில் நூல் தேய்ந்து வெளிச்சம் கசியும். அவற்றை விட்டுவிட்டு, தையலே இல்லாத அகலமான முதுகுப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி பொம்மைக்கு ஆகாது, ஏனெனில் பொம்மையின் பிளாஸ்டிக் தோலில் ஏறிய சாயத்தை எடுப்பது மிகவும் கடினம்.

இனி அளவெடுத்தல். பொம்மையின் மேலுடலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் காகித டேப்பை ஒட்டி, கழுத்து, தோள், அக்குள், பக்கம், இடுப்பு ஆகிய கோடுகளைப் பேனாவால் வரையுங்கள். முதுகின் நடுவே வெட்டிக் கழற்றி, கோடுகளின் வழியே பிரித்தால் மாதிரி கையில் வந்துவிடும். சுற்றிலும் 6 மி.மீ. தையலுக்காகவும், முதுகு ஓரத்தில் பட்டன் ஒன்றின்மேல் ஒன்று படிவதற்காகக் கூடுதலாக 1 செ.மீ.யும் விட்டு வெட்டுங்கள். பாவு நூல், அதாவது சட்டையில் மேலிருந்து கீழாக ஓடும் நூல், மாதிரியிலும் மேலிருந்து கீழாகவே ஓட வேண்டும். இதே மாதிரியை வைத்து மல் வேட்டியில் உள்துணியும் வெட்டிக்கொள்ளுங்கள்.

[காட்சி: தையல் இயந்திரத்தின் ஊசிக்கு அடியில் செய்தித்தாள் துண்டு.]

இயந்திரத்தில் 11-ஆம் எண் ஊசியைப் போட்டு, தையல் நீளத்தை ஒன்றரை முதல் 2 மி.மீ. வரை குறைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய துண்டை, ஊசி இறங்கும் தட்டிலுள்ள துளை உள்ளே இழுத்துச் சிக்கவைத்துவிடும். அடியில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்தால் அந்தத் தொல்லை இருக்காது. இயந்திரம் இல்லாதவர்கள் கையால் நெருக்கமாக பேக் ஸ்டிச் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் தையல்) போட்டாலும் குறைவொன்றுமில்லை. பொம்மை உடைக்கு ஒருவகையில் அதுவே நயமாக அமையும்.

இதில் நிதானம் வேண்டிய இடம் மேலுடல்தான். மேல்துணியிலும் உள்துணியிலும் தோள்களைத் தனித்தனியே தைத்து விரித்துத் தேயுங்கள். நல்ல பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஒரு முதுகு ஓரத்தில் தொடங்கிக் கழுத்தைச் சுற்றி மறு முதுகு ஓரம் வரையிலும், பிறகு இரண்டு அக்குள் வளைவுகளிலும் தையுங்கள். பக்கங்களையும் இடுப்பையும் தொடாதீர்கள். வளைவுகளில் தையலுக்கு 1 மி.மீ. முன்வரை சிறு சிறு வெட்டுகள் கொடுங்கள். கொடுக்காவிட்டால் திருப்பிய பின் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இப்போது ஒரு சேஃப்டி பின்னை முதுகுத் துண்டின் கீழ்முனையில் குத்தி, தோள் வழியே முன்பக்கத்துக்குள் நுழைத்து இழுத்தால் உடை நல்ல பக்கத்துக்குத் திரும்பிவிடும். தைத்து முடித்த தோளின் அகலம் 1 செ.மீ.க்குக் குறைந்தால் துணி அந்த வழியே வராது. எனவே மாதிரி வரையும்போதே அதைக் கவனியுங்கள். கடைசியாக, அக்குள் தையல்கள் நேருக்கு நேர் பொருந்துமாறு, மேல்துணியின் பக்கத்தையும் உள்துணியின் பக்கத்தையும் ஒரே நீண்ட கோடாகத் தைத்து முடியுங்கள்.

பாவாடை எளிது. இடுப்பைப் போல இரண்டு மடங்கு அகலம் போதும்; மூன்று மடங்கு வைத்தால் சுருக்கு இடுப்பில் தடித்துவிடும். கீழ் ஓரத்தைச் சுருக்குவதற்கு முன்பே மெல்லியதாக மடித்து அடித்துவிடுங்கள். சட்டைக்குப் பதிலாகப் புடவையோ வேட்டியோ எடுத்திருந்தால் அதன் மெல்லிய கரையையே கீழே வைத்துக்கொள்ளலாம். மடிக்கும் வேலையே இல்லை. மேல் ஓரத்தில் இரண்டு வரிசை நீளத் தையல் போட்டு, அடிநூல்களை இழுத்துச் சுருக்கி, மேலுடலோடு இணையுங்கள். பாவாடையின் இரு ஓரங்களையும் பின்பக்கம் இணைக்கும் தையலை இடுப்புக்கு 3 செ.மீ. கீழேயே நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் உடை பொம்மையின் இடுப்பெலும்பைத் தாண்டி ஏறாது.

சட்டையில் இருந்த பட்டன்களை இதில் வைக்கலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். ஏறக்குறைய 11 மி.மீ. அகலமுள்ள அந்தப் பட்டன் பொம்மைக்கு, நமக்கு ஆறரை செ.மீ. அகலப் பட்டனைப் போல இருக்கும் என்பதால், தாதர் மேற்குப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் மிகச் சிறிய பிரஸ் பட்டன்களில் இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். வெல்குரோ வேண்டாம், பொம்மையின் முடி அதில் சிக்கிப் பிய்ந்துவிடும்.

மழைக்காலத்தில் தைப்பவர்கள் குண்டூசியைத் துணியில் இரவு முழுவதும் விட்டுவைத்தால் காலையில் துருக்கறை நிற்கும். சாயச் சோதனையில் தேறிய துணியானாலும், கருநீலம், அடர்சிவப்பு போன்ற நிறங்களை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரக்காற்றில் பொம்மைக்கு உடுத்தியே வைக்காமல், விளையாடி முடிந்ததும் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள்.