மந்துக்காலுக்கு 135 மணி நேரம்

(கொழிஞ்சாம்பாறையில் பிசியோதெரபிஸ்டுகள், நர்சுகள், இளம் டாக்டர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற பெரியவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைக்க ஆரம்பித்தால் டீ ஆறிவிடும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்: காலையும் கையையும் வீங்க வைக்கிற நிணநீர் வீக்கத்துக்கு வைத்தியம் செய்ய நமக்கு வேண்டிய பயிற்சி.

நம்ம பாலக்காட்டுப் பக்கம் நாராணத்துப் பிராந்தன் கதை தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ராயிரநல்லூர் மலைமேல் கல்லை உருட்டி ஏற்றிவிட்டு, கீழே தள்ளிக் கைகொட்டிச் சிரித்த ஆள். அந்தக் கல்லை விடுங்கள், சுடுகாட்டில் பகவதி வந்து வரம் கேள் என்று நின்ற கதைதான் நமக்கு வேண்டியது. என் சாவை ஒரு நாள் தள்ளி வை என்றார், முடியாது என்றாள். சரி, ஒரு நாள் முன்னால் வை என்றார், அதுவும் முடியாது. அப்படியானால் இந்த இடது காலில் இருக்கிற மந்து நோயை, அதாவது யானைக்காலை, வலது காலுக்கு மாற்றிவிட்டுப் போ என்றாராம், மாற்றிவிட்டுப் போனாள்.

இன்றைக்கு வேலந்தாவளத்திலிருந்தோ வண்ணாமடையிலிருந்தோ கால் வீங்கி வருகிற ஒருவருக்கு நாம் கொடுக்கிற வரமும் ஏறக்குறைய இதுதான். பொது மருத்துவத்திலிருந்து சர்ஜரிக்கு, அங்கிருந்து தோல் பிரிவுக்கு, அப்புறம் பிசியோதெரபிக்கு, இங்கே சரிப்படவில்லை என்றால் கோயம்புத்தூருக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளத்தில் ஒரு சீட்டு, அந்தப் பக்கம் தமிழில் ஒரு சீட்டு, இரண்டிலும் நீர் பிரிகிற மாத்திரை. அந்த மாத்திரை சிறுநீரில் தண்ணீரை வெளியேற்றும், ஆனால் நிணநீர் (லிம்ஃப்) சரியாக வடியாமல் வருகிற வீக்கத்தில் தேங்கி நிற்பது வெறும் தண்ணீர் கிடையாது, கூடவே புரதமும் இருக்கிறது. நாளாக நாளாகக் கொழுப்பும் நாரும் சேர்ந்து கால் கெட்டிப்பட்டுவிடும். மாத்திரையால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

இதற்காக யாரையும் திட்டிப் பயனில்லை, நமக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. படிக்கிற காலத்தில் நிணநீர் மண்டலம் உடற்கூறியலில் ஒருமுறை எட்டிப் பார்க்கும், பிறகு புற்றுநோய் எங்கே பரவும் என்று பேசும்போது நிணநீர்க் கணுக்களின் பேர் வரும், அவ்வளவுதான். காலின் இரண்டாவது விரலின் அடியில் தோலைக் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு எடுக்க வரவில்லை என்றால் நிணநீர் வீக்கம் என்று பெரும்பாலும் நம்பலாம். ஸ்டெம்மர் சோதனை என்று அதற்குப் பேர். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்து பார்த்த எம்.டி. டாக்டரையும் எம்.பி.டி. பிசியோவையும் நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மந்து மாத்திரை கொடுத்து நோயை ஒழித்துக்கொண்டுதானே இருக்கிறோம், இனி யாருக்காகப் பயிற்சி என்று கேட்பார்கள். 1955இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது, இப்போது வைத்திருக்கிற ஒழிப்பு இலக்கு 2027. நல்ல விஷயம்தான். டி.இ.சி., அல்பெண்டசோல் என்கிற அந்த மாத்திரைகள் ரத்தத்தில் இருக்கிற நுண்புழுக்களைக் குறைத்து நோய் பரவுவதை நிறுத்தும். ஆனால் ஏற்கெனவே வீங்கிய கால் மாத்திரையால் வடியாது, அந்தக் காலோடு அவர் இன்னும் முப்பது வருஷம் நடக்க வேண்டும். அதோடு இன்னொரு கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது, மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்கள். அக்குளில் இருக்கிற நிணநீர்க் கணுக்களை முழுதாக எடுத்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கும், மார்பிலிருந்து நிணநீர் முதலில் வந்து சேருகிற காவல் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது நூற்றுக்கு ஐந்தாறு பேராகக் குறையும். அந்தப் பெண்களுக்கு நாம் சொல்லி அனுப்புவது என்ன? இனிமேல் தண்ணீர்க் குடம்கூடத் தூக்காதே என்று. 2009இல் அமெரிக்காவில் வீங்கிய கையோடு இருந்த 141 பெண்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென்று முற்றுவதும் அவர்களிடம்தான் குறைவு. கையில் கம்ப்ரஷன் ஸ்லீவ் என்கிற இறுக்கமான உறையைப் போட்டுக்கொண்டுதான் தூக்கினார்கள், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது தெரிந்த பிசியோ பக்கத்தில் இருந்தால் அந்தம்மா குடத்தைத் தூக்கலாம்.

இனி பயிற்சிக்கு வருவோம். வட அமெரிக்க நிணநீரியல் சங்கம் நிணநீர் வீக்கத்துக்கு வைத்தியம் செய்கிறவர்களுக்குத் தருகிற தன் சான்றிதழுக்கு வைத்திருக்கிற அளவு 135 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பாடம், மீதியெல்லாம் கைவேலை. நம்ம ஊரில் நடக்கிற பலதும் சனி ஞாயிறு இரண்டு நாள், ஏசி ஹால், ஸ்லைடு, மதியம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழோடு குரூப் போட்டோ. அப்படி ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ஒரே ஒரு நோயாளியை மேடையில் உட்கார வைத்துக் கட்டுப் போட்டுக் காட்டினார்கள், பின்வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது கட்டுப் போட்டவரின் முதுகு.

இந்த 135 மணியிலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. 1930களில் டென்மார்க்காரர் எமில் வோடர் தன் மனைவியோடு பிரான்ஸில் இருந்தபோது உருவாக்கிய மென்மையான கைத்தடவலில்தான் இந்த வைத்தியமே தொடங்கியது. அவர் டாக்டர் கிடையாது. பிற்பாடு ஜெர்மனியில் ஃபோல்டி தம்பதி தடவல், கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு நான்கையும் சேர்த்து ஒரே சிகிச்சையாக்கினார்கள். இன்றும் பல கோர்ஸ்களில் நேரத்தின் பெரும்பகுதியைத் தடவலே தின்றுவிடுகிறது. நன்றாகக் கட்டுப் போட்ட காலில் தடவலால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான் என்றுதான் ஆய்வுகளைப் படித்தால் தோன்றுகிறது. ஒரு தெரபிஸ்ட், வாசலில் இருபது பேர் என்கிற நம்ம நிலைமையில், அந்த மணி நேரத்தைக் கட்டுக்கும் விரலிடுக்குக்கும் கொடுங்கள் என்பேன்.

கட்டு என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக்கொடுக்கிற கிரேப் பேண்டேஜ் கிடையாது. அது நிறைய இழுபடும். படுத்திருக்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும், நடக்கும்போது தசையோடு சேர்ந்து விரிந்து கொடுத்துவிடும், நமக்கு வேண்டியதோ இதற்கு நேர் தலைகீழ். அதிகம் இழுபடாத ஷார்ட் ஸ்ட்ரெச் கட்டு ஓய்வில் லேசாக இருக்கும், நடந்தால் தசை போய் அதில் முட்டும், அந்த அழுத்தத்தில்தான் நிணநீர் மேலே ஏறும். அதனால் கட்டுப் போட்டவரைப் படுக்க வைக்காதீர்கள், நடக்க விடுங்கள். முதலில் மெல்லிய கட்டால் விரல் விரலாகச் சுற்றி, அப்புறம் பஞ்சு, கணுக்காலின் இரண்டு பக்கக் குழியிலும் ஃபோம் துண்டு, அதன்மேல் 6 செ.மீ. அகலச் சுருள் பாதத்துக்கு, 8, 10 என்று மேலே போகப்போக அகலம். ஒரே இழுப்பில் சுற்றினால் போதும், கணுக்கால் ஒல்லியாக இருப்பதால் அங்கே அழுத்தம் தானாகவே கூடி நிற்கும், தொடைக்குப் போகும்போது குறையும். மேலே இறுக்கிக் கீழே தளர விட்டால் பாதம் பலூன் மாதிரி ஆகிவிடும். முடித்ததும் விரல் நுனியை அழுத்தி, வெளுத்த இடம் உடனே சிவக்கிறதா என்று பாருங்கள். மரத்துப்போகிறது என்று சொன்னால் பேசாமல் கழற்றுங்கள்.

இந்த இடத்தில் டாக்டர் கூட இருக்க வேண்டும். காலுக்குப் போகிற தமனியில் அடைப்பு இருக்கிற ஒருவருக்கு இறுக்கிக் கட்டினால் விரல் கறுத்துவிடும். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம்ம ஊரில் டாப்ளர் என்கிற ரத்த ஓட்டம் பார்க்கிற கருவியை வைத்துக் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் பேண்டேஜைத் தொடக் கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு, கொதிக்கிற காய்ச்சலோடு சிவந்த கால், இதற்கெல்லாமும் உடனே கட்டு கிடையாது. டாக்டருக்குத் தனி வகுப்பு, நர்சுக்குத் தனி, பிசியோவுக்குத் தனி என்று நடத்துகிற பயிற்சியை நான் ஏற்காததற்குக் காரணமே இதுதான். மூன்று பேரும் ஒரே காலைச் சுற்றி உட்கார்ந்து படிக்க வேண்டும்.

விரலிடுக்கு நர்சுகளின் ராஜ்யம். வயலில் சேற்றில் நின்றுவிட்டு வருகிறவரின் விரல்களைப் பிரித்துப் பாருங்கள், வெள்ளையாக ஊறிப்போய் ஒரு வெடிப்பு இருக்கும். கிருமி உள்ளே போகிற வாசல் அதுதான். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை நடுங்குகிற குளிரோடு காய்ச்சல் வரும், தொடை இடுக்கில் நெறி கட்டும், ஒவ்வொரு தடவையும் கால் கொஞ்சம் பெருத்து நிற்கும். சாதாரண சோப்பு, தண்ணீர், இடுக்கில் துணியை விட்டு ஈரம் ஒற்றுவது, படை இருந்தால் களிம்பு, இதைத் தினமும் செய்தாலே காய்ச்சல் வருவது குறையும். காசர்கோட்டில் இருக்கிற இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைடு டெர்மட்டாலஜியில் இந்தக் கழுவலோடு ஆயுர்வேதம், யோகா, கம்ப்ரஷன் எல்லாவற்றையும் சேர்த்து வருஷக்கணக்காகச் செய்கிறார்கள். நம்ம மாநிலத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ஜெர்மன் புத்தகத்தில் இல்லாத ஒன்று, நம்ம சித்திரை வெயில். அந்த வெயிலில் மூன்று அடுக்குக் கட்டோடு தென்னந்தோப்பில் வேலை செய்யச் சொன்னால் ஆள் சாயங்காலத்துக்குள் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த வாரம் நம்மிடம் பொய் சொல்வார். காலையில் வேலை முடித்துக் குளித்தபின் கட்டுவது, ராத்திரி கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துவது, வெல்க்ரோ உறை வாங்க முடியுமா என்று பேசிப் பார்ப்பது, இப்படி ஆளுக்கு ஏற்ற மாதிரி முடிவெடுக்கக் கற்றுத்தராத பயிற்சிக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் வீண்.

எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று டீ குடிக்கும்போது நாலு பேர் கேட்டீர்கள். பணம் கட்டும் முன் அவர்களிடம் கேளுங்கள்: முதல் நாள் டேப் வைத்து அளந்த அதே காலை, கட்டுப் போட்டு வடிய வைத்து, அழுத்திப் பிடிக்கிற ஸ்டாக்கிங்குக்கு அளவு எடுக்கிற வரைக்கும் என்னிடம் விடுவீர்களா? ஊருக்குப் போய் மூன்றாவது மாதம் ஒரு கால் புண்ணாகிவிட்டால் போனை யார் எடுப்பார்கள்? இரண்டுக்கும் பதில் மழுப்பலாக இருந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல ஷார்ட் ஸ்ட்ரெச் பேண்டேஜ் வாங்கி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஜோடி ஜோடியாக ஒருவர் காலில் ஒருவர் கட்டப்போகிறோம், டாக்டர்களும் சேர்த்துத்தான். மேஜையில் டேப்பும் எல்லா அகலச் சுருளும் இருக்கின்றன. வேட்டியில் வந்தவர்களுக்குக் கவலையில்லை, ஜீன்ஸ் போட்டவர்கள் பக்கத்து ரூமில் மாற்றிக்கொண்டு வாருங்கள். அந்தக் கட்டு நாளைக் காலை பத்து மணி வரைக்கும் உங்கள் காலிலேயே இருக்கட்டும். வலித்தாலோ மரத்தாலோ தவிர நடுவில் கழற்றக் கூடாது, பஸ்ஸில் யாராவது காலில் என்ன என்று கேட்டால் சொல்லிக்கொள்ளுங்கள்.