சிரிக்கவைக்கும் குயர் நாவல் எது? ஒலிநூலாகக் கேட்கலாமா?

அடுத்த கேள்வி, குயர் நாவல்கள் பற்றி, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோரின் கதைகள் பற்றி. ஒரு வாசகர் கேட்கிறார்: "குயர் நாவல் என்று எதை எடுத்தாலும் கடைசியில் யாராவது செத்துப்போகிறார்கள், இல்லை பிரிந்துவிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே முடிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். ஒலிநூலாகக் கேட்டால் படித்த கணக்கில் வருமா?"

வரும். அதில் சந்தேகமே வேண்டாம்.

புத்தகம் என்றால் ஆண்ட்ரூ ஷான் கிரீர் எழுதிய 'லெஸ்'. 2017-இல் வெளியானது, 2018-இல் அமெரிக்காவின் பெரிய இலக்கிய விருதான புனைவுக்கான புலிட்சர் பரிசு வாங்கியது. பரிசு என்றதும் மிரள வேண்டாம், நாவல் சரசரவென்று ஓடும்.

ஆர்தர் லெஸ் ஐம்பது வயதைத் தொடப்போகிற, பெரிதாகப் பெயர் எடுக்காத எழுத்தாளர். ஒன்பது வருடம் அவரோடு பழகிய ஃபிரெடி இப்போது வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான், பத்திரிகையும் வந்துவிட்டது. போனாலும் மானம் போகும், போகாவிட்டாலும் போகும். அதனால் ஊரிலேயே இருக்கக்கூடாது என்று, தன்னைத் தேடி வந்த இலக்கிய அழைப்புகள் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிவிடுகிறார். மெக்சிகோ, இத்தாலி, ஜெர்மனி, மொராக்கோ, இந்தியா, ஜப்பான் என்று ஓட்டம்.

நீங்கள் கேட்ட கேள்வியை இந்த நாவலே கேட்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. பாரிஸில் ஒரு விருந்தில் இன்னொரு கே (தன்பாலீர்ப்புள்ள ஆண்) எழுத்தாளர் லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டு, உன் எழுத்து மோசமில்லை, நீதான் மோசமான கே, பாத்திரங்களை ஏன் இப்படித் துன்பப்படுத்துகிறாய் என்கிற ரீதியில் பேசுகிறார். லெஸ்ஸும் தான் எழுதிவைத்த சோக நாவலைப் பின்னால் நகைச்சுவையாக மாற்றி எழுதுகிறார். வலி அதே வலிதான், பார்க்கிற கோணம் மட்டும் மாறுகிறது.

சரி, ஒலிநூலுக்கு வருகிறேன். வாசித்திருப்பவர் ராபர்ட் பெட்காஃப். ஜோக் வருகிற இடத்தில் "இதோ சிரியுங்கள்" என்று குரலால் இடிப்பதில்லை, அதுவே பாதி வெற்றி. பெர்லின் பகுதியைக் கேட்டுப்பாருங்கள். லெஸ்ஸுக்குத் தன் ஜெர்மன் சரளமானது என்று நினைப்பு. எதிரில் இருப்பவர்கள் ஒழுங்காகப் பேச, இவர் வாயிலிருந்து மட்டும் ஓட்டை உடைசலாக வாக்கியங்கள் விழுகின்றன. இதெல்லாம் காதுக்கென்றே எழுதினது போல இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. கதையைச் சொல்கிறவர் எப்போதாவது "நான்" என்கிறார். யார் அந்த நான்? தாளில் படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். கேட்கும்போது ஒரு ஆள் நம் பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொண்டு வருகிறார், அதனால் அந்தக் கேள்வி நச்சரித்துக்கொண்டே இருக்கும். விடையை நான் சொல்ல மாட்டேன்.

ஒரு சிக்கலும் உண்டு. கதை சட்டென்று பழைய நாட்களுக்குத் தாவும்; வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் எந்த வருடத்தில் இருக்கிறோம் என்று புரியாது. வேகத்தைக் கூட்டாமல் கேளுங்கள். 2022-இல் வந்த அடுத்த பாகத்தின் பின்னட்டைக் குறிப்பை இப்போது படித்துவிடாதீர்கள், முதல் பாகத்தின் முடிச்சு அதிலேயே அவிழ்ந்துவிடும்.