பென்டகனின் பணப்பையும் அதைப் பிடித்திருக்கும் துணைக்குழுவும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க ராணுவத்துக்கு இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் கோடி டாலர் என்று செய்தியில் கேட்கிறோம். அதிபர் கேட்டார், அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்தது என்று இரண்டு வரியில் செய்தி முடிந்துவிடும். அந்த இரண்டு வரிக்கு நடுவே இருப்பவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிரதிநிதிகள் சபையில் ஒன்று, செனட்டில் ஒன்று என்று பாதுகாப்புக்கான நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுக்கள் இரண்டு உண்டு. மொத்தத் தொகையை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் கட்சித் தலைவர்கள் நடத்தும் பேரம். துணைக்குழுவின் அதிகாரம் அந்தத் தொகைக்கு உள்ளே, ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

அடிப்படை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டப்படி ஒதுக்கீடு செய்யாமல் கருவூலத்திலிருந்து ஒரு காசு வெளியே வரக்கூடாது. தரைப்படைக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டு: அதற்கான பணத்தை ஒரே நேரத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒதுக்கக்கூடாது. நிரந்தரப் படை வைத்திருக்கும் அரசனைப் பார்த்துப் பயந்தவர்கள் எழுதிய சட்டம் அது. கடற்படைக்கு அந்தக் கட்டு இல்லை. கப்பல் ஊருக்குள் வந்து ஆட்சியைப் பிடிக்காது என்று நினைத்திருப்பார்கள் போல.

ஆயுதப் படைகளுக்கான குழுக்கள் வேறு, நிதி ஒதுக்கும் குழுக்கள் வேறு. முதலாவது வகைக் குழுக்கள் ஆண்டுதோறும் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம் கொண்டுவருகின்றன. எந்த விமானத்தை எத்தனை வாங்கலாம், சம்பள உயர்வு எவ்வளவு என்று அதில் இருக்கும். செய்தியில் பெரிதாக அடிபடுவது இதுதான். ஆனால் பெரும்பாலும் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. காசோலை எழுதுவது ஒதுக்கீட்டுக் குழு. பிரதிநிதிகள் சபையில் அது 1865-இலும் செனட்டில் 1867-இலும் அமைந்தது. இரண்டு சபையிலும் அதற்குப் பன்னிரண்டு துணைக்குழுக்கள் உண்டு. ஆண்டுதோறும் வாக்களித்து ஒதுக்கும் பணத்தில் ஏறக்குறைய பாதி பாதுகாப்புத் துணைக்குழுவின் கைவழியாகத்தான் போகிறது. 2024 நிதியாண்டுக்கான சட்டத்தில் அது சுமார் 82,400 கோடி டாலர்.

எல்லைக்கோடுகள் கொஞ்சம் விசித்திரமானவை. ராணுவ முகாம்களில் கட்டடம் கட்டும் பணம் வேறொரு துணைக்குழுவிடம் இருக்கிறது. அணுகுண்டுகளைத் தயாரித்துப் பராமரிக்கும் செலவு எரிசக்தி, நீர்வளத் துணைக்குழுவின் கீழ் வருகிறது. உளவுத் துறைகளின் பணத்தில் பெரும்பகுதியோ பாதுகாப்பு மசோதாவுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

சரி, வேலை எப்படி நடக்கிறது? பிப்ரவரி வாக்கில் அதிபரின் கோரிக்கை வர வேண்டும். அடிக்கடி தாமதமாகும். அமைச்சரும் தளபதிகளும் வந்து சாட்சியம் சொல்கிறார்கள், கேமராக்கள் ஓடுகின்றன. அதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. உறுப்பினர்கள் சொந்தத் தொகுதியைப் பற்றிக் கேட்பார்கள், தளபதிகள் பணிவாகப் பதில் சொல்வார்கள். உண்மையான வேலையைச் செய்வது துணைக்குழுவின் அலுவலர்கள். ஒவ்வொரு படையும் தன் கோரிக்கைக்கு நியாயம் சொல்லி ஆயிரக்கணக்கான பக்கங்கள் அனுப்பும். அதை எடுத்துக்கொண்டு அலுவலர்கள் வரி வரியாக உட்காருவார்கள்.

துணைக்குழு அறிக்கையின் பின்பகுதி அட்டவணைகளைப் புரட்டினால் விஷயம் தெரியும். ஒரு பத்தியில் படை கேட்ட தொகை, அடுத்ததில் குழு தரும் தொகை, பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லில் காரணம். ‘நியாயம் காட்டாத உயர்வு’ என்று ஒரு வரியில் இருக்கும். போன ஆண்டை விடக் கூடுதலாகக் கேட்டாய், ஏன் என்று சொல்லவில்லை, அதனால் வெட்டினோம் என்று அர்த்தம். இன்னொரு வரியில் ‘தேவைக்கு முன்னதாகக் கேட்டது’ என்று இருக்கும். ஒப்பந்தம் ஒன்று மார்ச்சில் கையெழுத்தாகும் என்று படை சொல்லியிருக்கும். சோதனை தள்ளிப்போனதால் இந்த நிதியாண்டுக்குள் கையெழுத்தாகாது என்று அலுவலர் கண்டுபிடித்திருப்பார். திட்டம் நல்லதா கெட்டதா என்ற பேச்சே அங்கே கிடையாது. பணம் சும்மா கிடக்கும், எடுத்து வேறிடத்தில் போடு, அவ்வளவுதான். இப்படிச் சேர்கிற பணத்தில்தான் உறுப்பினர்கள் விரும்பும் புதுச் செலவுகளுக்கு இடம் பிறக்கிறது. சிக்கனத்துக்கும் சலுகைக்கும் ஊற்று ஒன்றுதான்.

பணத்துக்கு ஆயுளும் உண்டு. சம்பளத்துக்கும் அன்றாடச் செயல்பாட்டுக்கும் ஒதுக்கியதை ஓராண்டுக்குள் ஒப்பந்தமாக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு இரண்டு ஆண்டு, தளவாடக் கொள்முதலுக்கு மூன்று, கப்பல் கட்ட ஐந்து. செப்டம்பர் 30-இல் நிதியாண்டு முடிகிறது. கையில் இருப்பதைத் தீர்த்தாக வேண்டும் என்ற அவசரம் அந்த மாதத்தில் எல்லா அலுவலகத்திலும் தெரியும். ஒதுக்கியதற்கு மேல் செலவழித்தால் அது சட்டமீறல். தெரிந்தே செய்த அதிகாரிக்குச் சிறைத்தண்டனை வரைக்கும் இடம் உண்டு.

மசோதாவோடு வரும் அறிக்கை சட்டம் இல்லை. ஆனாலும் ‘அறுபது நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்’ என்று அதில் எழுதியிருந்தால் ராணுவத் தலைமையகமான பென்டகன் பெரும்பாலும் தந்துவிடும். அடுத்த ஆண்டும் இதே மேசைக்குத்தானே கையேந்தி வர வேண்டும்!

இந்தச் சின்ன வரிகள் சில நேரம் போரையே நிறுத்தியிருக்கின்றன. 1973-இல், கம்போடியா மீது குண்டு வீச ஆகஸ்ட் 15-க்குப் பிறகு பணம் கிடையாது என்று நிதிச் சட்டத்தில் தேதி போட்டார்கள். அன்றோடு குண்டுவீச்சு நின்றது. 1982 டிசம்பரில், நிகரகுவா அரசைக் கவிழ்க்கும் நோக்கத்தில் பணம் செலவழிக்கக்கூடாது என்ற திருத்தம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த உறுப்பினர் எட்வர்ட் போலண்ட் பெயரால் அது போலண்ட் திருத்தம். பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. சில ஆண்டுகளில் தடை இன்னும் இறுகியது. வெள்ளை மாளிகை ஆட்கள் ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தை நிகரகுவாக் கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பி மாட்டிக்கொண்டது தனிக் கதை. காங்கிரஸ் தராத பணத்தை வெளியே தேட வேண்டிய நிலை வந்தது என்பதே அந்தத் திருத்தம் எவ்வளவு கடித்தது என்பதற்குச் சாட்சி.

கேட்கத் தெரியாமலே பணம் கொடுத்த காலமும் உண்டு. அணுகுண்டுத் திட்டத்துக்குச் சுமார் 200 கோடி டாலர் போனது. 1944-இல் இரு சபைகளின் தலைவர்கள் சிலருக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னார்கள். மற்ற உறுப்பினர்கள் எதற்கென்று தெரியாமலே வாக்களித்தார்கள். 1945 மே மாதம் ஒதுக்கீட்டுக் குழுவைச் சேர்ந்த ஐந்து பேரை டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆலைக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான டெக்சாஸின் ஜார்ஜ் மஹோன் பின்னாளில் பாதுகாப்புத் துணைக்குழுவுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் தலைமை வகித்தார். இன்றும் மசோதாவுக்கு ரகசிய இணைப்பு உண்டு. அதைப் படிக்கும் உறுப்பினர்கள் கொஞ்சம்தான்.

இவ்வளவு அதிகாரம் இத்தனை சிலரிடம் இருந்தால் அழுகலும் வரும். கலிபோர்னியா உறுப்பினர் ராண்டி கன்னிங்ஹாம் இந்தத் துணைக்குழுவில் இருந்தவர். தன் அலுவலக முத்திரை பொறித்த அட்டையில் கையாலேயே லஞ்ச விலைப்பட்டியல் எழுதி வைத்திருந்தார். இடது பக்கம் வாங்கித் தரும் ஒப்பந்தம், வலது பக்கம் தனக்கு வர வேண்டியது. 1.6 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு 1,40,000 டாலர் பெறுமான படகு. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து லட்சத்துக்கும் 50,000 டாலர். ஒப்பந்தம் 2 கோடியைத் தாண்டினால் பாதி விலை, அதாவது 25,000. மொத்த வியாபாரத் தள்ளுபடி! 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். மறு ஆண்டு எட்டு ஆண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள்.

குற்றமே இல்லாமலும் சாய்வு இருக்கும். 2012-இல் தரைப்படைத் தலைமைத் தளபதி ரேமண்ட் ஒடியர்னோ, ஏப்ராம்ஸ் டாங்கிகளுக்கு இப்போது மேற்கொண்டு பணம் வேண்டாம் என்றார். ஒஹாயோவின் லைமா ஆலையை மூடவிடாமல் காங்கிரஸ் பணம் போட்டது. தொகுதி அரசியல் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் முழுதாகச் சிரிக்க மாட்டேன். மூடிய ஆலையைத் திரும்பத் திறக்கும் செலவும், கலைந்துபோன பற்றவைப்புத் தொழிலாளர்களைத் திரும்பத் தேடும் சிரமமும் நிஜம்.

தாமதம் இன்னொரு நோய். 2024 நிதியாண்டு 2023 அக்டோபர் 1-இல் தொடங்கியது, ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கையெழுத்து விழுந்தது மார்ச் 23-இல். அதுவரை பழைய அளவில் இடைக்கால ஏற்பாடுதான். புதுத் திட்டம் தொடங்கக்கூடாது, உற்பத்தி வேகத்தைக் கூட்டக்கூடாது. நேரத்துக்கு முடித்தால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை பார்த்தோம். 2018-இல் பாதுகாப்பு மசோதா நிதியாண்டு பிறக்கும் முன்பே சட்டமாகிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் 35 நாள் அரசு முடங்கியபோது தரைப்படைக்கும் கடற்படைக்கும் சம்பளம் வந்தது. கடலோரக் காவல்படை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ், வேறு மசோதாவில் இருந்ததால் அவர்களுக்கு வரவில்லை.

கடைசியாக, ஒப்புதல் பற்றி. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்ற பென்டகனுக்குச் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. பெரிய மாற்றம் என்றால் முன்கூட்டியே குழுக்களிடம் கேட்பது பல பத்தாண்டுப் பழக்கம். 2019 மார்ச்சில், ஆள்சேர்ப்பு குறைந்ததால் தரைப்படைச் சம்பளக் கணக்கில் மிஞ்சியது உட்பட 100 கோடி டாலரை மெக்சிகோ எல்லை வேலிக்காக போதைத் தடுப்புக் கணக்குக்கு மாற்றினார்கள். கேட்கவில்லை, தகவல் மட்டும் சொன்னார்கள். பிரதிநிதிகள் சபைத் துணைக்குழுவின் தலைவர் பீட் விஸ்கிளோஸ்கி மறுத்துக் கடிதம் எழுதினார். பணம் போய்விட்டது. அடுத்த மசோதாவில் அந்த மாற்று அதிகாரத்தின் உச்சவரம்பைப் பெரிதாகக் குறைக்கப் பிரதிநிதிகள் சபை முயன்றது. செனட்டோடு பேசி முடித்து வந்த சட்டத்தில் பழையபடி 400 கோடி டாலரே நின்றது.

வணக்கம்.