மறுபடி பார்த்தபோதுதான் பிடித்தது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வண்ணாரப்பேட்டையிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்து இந்தத் தெருவை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். ‘வாழ்நாளில் நமக்கு மிகப் பிடித்த படம் எது என்பதைத் தீர்மானிப்பது முதல் பார்வையா, மறுபார்வையா?’ என்ற இன்றைய தலைப்பில், மறுபார்வையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் முதல் நாள் முதல் காட்சியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அகஸ்தியா தியேட்டர் வாசலில் விடிவதற்கு முன்பே போய் நின்றதையும், கதவு திறந்ததும் இருட்டுக்குள் ஓடி இடம் பிடித்ததையும், நாயகன் திரையில் தோன்றியபோது காகிதத் துண்டுகள் மழையாகப் பொழிந்ததையும் சொல்லிவிட்டு, அந்த ஒரு கணத்துக்கு எந்த மறுபார்வையும் ஈடாகாது என்று முடித்தார். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தவள்தான். 2020இல் அகஸ்தியா மூடப்பட்டது என்று கேள்விப்பட்ட அன்று, வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டதைப் போல எனக்கு மனம் கனத்தது. ஆனாலும் நடுவர் அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நண்பர் வாசலைச் சொன்னார், கூட்டத்தைச் சொன்னார், விசிலைச் சொன்னார். அன்று பார்த்த படத்திலிருந்து ஒரு காட்சியைக்கூட அவர் சொல்லவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது அந்தக் காலைப்பொழுது. அது அருமையான காலைப்பொழுதுதான், ஆனால் இன்றைய கேள்வி படத்தைப் பற்றியது.

2014இல் ‘மெட்ராஸ்’ வந்தபோது வியாசர்பாடியும் அதன் குடியிருப்புகளும் திரையில் தெரிந்ததற்கே நாங்கள் கைதட்டினோம். எங்கள் மாடிப்படியும் கேரம் பலகையும் குழாயடியும் முதன்முதலாக மரியாதையோடு காட்டப்பட்ட மகிழ்ச்சியில், கதையின் நடுவே நிற்கும் அந்தச் சுவரை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. ஓர் அரசியல் தலைவரின் உருவம் தீட்டப்பட்ட வெறும் சுவருக்காக எத்தனை பிள்ளைகள் பலியாகிறார்கள் என்பது இரண்டாம் முறை பார்த்தபோதுதான் நெஞ்சில் இறங்கியது.

மறுபார்வை என்பது தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போடுவதால் வரும் பழக்கம்தான், பழகியது பிடித்துப்போகும், அவ்வளவே என்றும் எதிரணியில் சொன்னார்கள். பழக்கம்தான் காரணம் என்றால் எல்லாப் படமும் பார்க்கப் பார்க்கப் பிடிக்க வேண்டும். பதினெட்டு வயதில் நான் நான்கு முறை பார்த்துக் கொண்டாடிய ஒரு படத்தில், நாயகன் நாயகியை ஓங்கி அறைவான், அடுத்த காட்சியில் அவள் அவனைக் காதலிப்பாள். போன ஆண்டு அந்தப் படத்தை என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்த அறை விழுந்தபோது மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அன்றோடு அந்தப் படம் என் பட்டியலிலிருந்து போய்விட்டது. மறுபார்வை வெறும் பழக்கமாக இருந்திருந்தால் அதை எனக்குள் இன்னும் ஆழமாகத்தான் ஊன்றியிருக்கும்; அதுவோ வேரோடு பிடுங்கிப் போட்டது.

சரி, முதல் பார்வைக்கு முழுச் சாதகமான ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையின் மீது குண்டு வீசியதை ஒட்டித் தொடங்குகிற அந்தக் கதையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்டது யார் என்ற கேள்விதான் படம் முழுவதும். அந்த விடை ஒருமுறை தெரிந்துவிட்டால் மர்மம் தீர்ந்தது, எனவே எதிரணியின் கணக்குப்படி அந்தப் படத்தை யாரும் இரண்டாம் முறை பார்க்கக் கூடாது. ஆனால் எழுபது ஆண்டுகள் கடந்தும் பார்க்கிறோம். கணவனின் சாவைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கு முன்னால் பண்டரிபாய் அமர்ந்திருக்கும் காட்சிகளை, உண்மை தெரிந்த கண்ணோடு மறுபடி பாருங்கள். முதல் முறை துயரமாக மட்டும் தெரிந்த முகத்தில், இம்முறை ஒரு பெண் தன் நாட்டுக்கும் தாலிக்கும் நடுவில் நின்று எடுத்த முடிவு முழுவதும் தெரியும். கொலையாளி யார் என்பது முதல் பார்வைக்குக் கிடைத்தது, அவள் யார் என்பதோ மறுபார்வைக்குத்தான் கிடைத்தது.

இது நமக்கு மட்டும் நேர்வதும் அன்று. லண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் உலகின் சிறந்த படங்கள் எவை என்று கேட்டு வருகிறது. ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958இல் வெளிவந்தது. 1962இலும் 1972இலும் அது முதல் பத்தில் இல்லை. 1982இல் உள்ளே வந்தது. 2012இல் முதலிடம் பெற்றது. படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. பார்த்தவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள்.

இனி என் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் படத்துக்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988. எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் அதைப் பார்த்தேன். பாட்டு வரும் வரும் என்று காத்திருந்து, வராத கோபத்தில் எழுந்து விளையாடப் போய்விட்டேன். முதல் பார்வைதான் தீர்ப்பு என்றால் அந்தப் படத்தின் வழக்கு அன்றே முடிந்திருக்கும்.

என் அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். கொருக்குப்பேட்டையில் ஒரே அறையில் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தோம். எப்படியோ சேர்த்து வாங்கிய அரை கிரவுண்டில், நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் வீடு கட்டத் தொடங்கினார். கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டவர் முன்பணம் வாங்கினார், சிமெண்ட் மூட்டைகள் இரவில் குறைந்தன, கடைக்கால் போட்டு இடுப்பளவு சுவர் எழும்பியதும் ஆளே காணாமல் போனார். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் பாசி படர்ந்தது. அப்பா ஞாயிறுதோறும் போய் அதைச் சுரண்டிவிட்டு வருவார்.

அதற்குப் பிறகுதான் நான் ‘வீடு’ படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். அர்ச்சனா நடித்த சுதா, ஒரு சாதாரணச் சம்பளக்காரப் பெண், வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் சொந்தமாகக் கட்டத் துணிகிறாள், ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார், அதை எதிர்த்துக் குரல் கொடுப்பவள் அங்கே வேலை செய்யும் ஒரு சித்தாள் பெண். எங்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லாமல் போனார்களே என்று அழுதேன். சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா, முடியாத வீட்டைப் பார்க்க வந்து சுவரைத் தடவும் காட்சியில், பதினோரு வயதில் நான் கண்டது மெதுவாக நடக்கிற ஒரு கிழவரை. இரண்டாம் முறை கண்டது என் அப்பாவின் கையை. படம் எனக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

அப்பா இப்போது இல்லை. சென்ற தை மாதம் அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு மூன்றாம் முறை பார்த்தேன். தாத்தா சுவரைத் தொட்டபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. படம் முடிந்து வெகு நேரம் கழித்து, ‘உங்கப்பா சுவரைச் சுரண்டுன கரண்டி இன்னும் பரண்ல இருக்குடி’ என்றார்கள். நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்து இறக்கினேன். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.