வயோமிங் பிரைமரிக்குப் போட்ட பூட்டு

நண்பர்களே, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நவம்பர் தேர்தல் பெரும்பாலும் சடங்குதான். குடியரசுக் கட்சிக்கு அங்கே அவ்வளவு பலம். ஆகஸ்டில் அந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் ஜெயித்தவரே அநேகமாக நவம்பரிலும் ஜெயிப்பார். அதனால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலர் பிரைமரி அன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியை மாற்றிப் பதிந்துகொண்டு, குடியரசுக் கட்சி வாக்குச்சீட்டை வாங்கி வாக்களித்து வந்தார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

2018-இல் மார்க் கார்டன் ஆளுநர் வேட்பாளரானபோது, வெளியாட்கள் வாக்கில் வந்தவர் என்று கட்சிக்குள் புகைந்தார்கள். 2022-இல் டிரம்ப்பை எதிர்த்த குடியரசுக் கட்சி எம்.பி. லிஸ் செனிக்கு மாற்றுக் கட்சிக்காரர்கள் வந்து வாக்களித்தார்கள்; அப்படியும் அவருக்குப் படுதோல்வி. அப்புறம் இதைத் தடுக்க எதற்குச் சட்டம் என்று கேட்கத் தோன்றும். 2023-இல் கொண்டுவந்துவிட்டார்கள்: வேட்புமனு தாக்கல் தொடங்கும் நாளிலிருந்து பிரைமரி முடியும்வரை கட்சி மாறக் கூடாது. அதே கார்டன்தான் அப்போதும் ஆளுநர். அவர் கையெழுத்துப் போடவில்லை, தடுக்கவும் இல்லை; கையெழுத்தில்லாமலே அது சட்டமானது.

"கட்சி எங்களுடையது, வேட்பாளரை நாங்கள்தான் தேர்ந்தெடுப்போம்" என்பது நியாயமான வாதம். யாரும் எந்தக் கட்சி வேட்பாளருக்கும் வாக்களிக்கலாம் என்றிருந்த கலிபோர்னியா பிரைமரியை 2000-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காகவே செல்லாதென்றது.

ஆனால் அதே வாதம் வேறொரு வேலைக்கும் பயன்பட்டிருக்கிறது. ஜனநாயகக் கட்சி பிரைமரியில் கறுப்பின மக்கள் வாக்களிக்கக் கூடாது என்று 1923-இல் டெக்சாஸ் சட்டமே போட்டது. 1927-இல் அது செல்லாமல் போனது. சரி, கட்சிக் குழு முடிவெடுக்கட்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். அதுவும் 1932-இல் செல்லவில்லை. உடனே கட்சி மாநாடு தானே தீர்மானம் போட்டது. கட்சி தனியார் அமைப்பாம்! 1935-இல் உச்ச நீதிமன்றமும் தலையாட்டியது. ஹூஸ்டன் பல்மருத்துவர் லோனி ஸ்மித்துக்காக தர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கில்தான், 1944-இல், 8-க்கு 1 என்ற கணக்கில் அந்தக் கதவு திறந்தது.

வயோமிங்கில் நடப்பது அந்தக் கொடுமை அல்ல. கட்சியை மாற்றலாம், நிறத்தை மாற்ற முடியாது. என் ஆட்சேபம் தேதியைப் பற்றியது. மே மாதம் வேட்புமனு தொடங்கும் முன்பே வாக்காளர் தன் கட்சியை முடிவு செய்ய வேண்டும். யார் யார் நிற்கிறார்கள் என்ற பட்டியல் அதற்கப்புறம்தான் வரும். பட்டியல் வந்தபின் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருந்தால், பிரைமரி அன்று வந்து கட்சி மாறுவதும் நின்றிருக்கும், வாக்காளரும் ஆளைப் பார்த்து முடிவெடுத்திருப்பார்.