யாரும் கவனிக்காத ஒரு ராக் ஆல்பம் எப்படி மைல்கல் ஆனது?

[திரையில்: கறுப்பு வெள்ளைப் புகைப்படம். தண்ணீருக்கு மேலே நான்கு முகங்கள்.]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கழுத்தளவு தண்ணீரில் நான்கு பையன்கள். ஆடியில் புதுத்தண்ணீர் வந்ததும் திருவையாறு படித்துறையில் குதிக்கிற பையன்களின் முகம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

இது நம் ஆறு இல்லை. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரையில் லூயிவில் என்று ஓர் ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இண்டியானாவில், தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒரு கல் குவாரியில் எடுத்த படம். எடுத்தவர் அவர்களுடைய நண்பர் வில் ஓல்டம். பையன்களின் குழுவுக்குப் பெயர் ஸ்லின்ட். ஆல்பத்தின் பெயர் ஸ்பைடர்லேண்ட். டச் அண்ட் கோ என்ற சிறிய நிறுவனம் 1991 மார்ச் மாதம் வெளியிட்டது. வெளிவந்தபோது குழுவே கலைந்து போயிருந்தது. ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்ட ஆள் இல்லை. ஆல்பம் வந்ததே பலருக்குத் தெரியாது.

ஆனால் இன்றைக்கு போஸ்ட்-ராக், அதாவது ராக் வாத்தியங்களை வைத்தே ராக் அல்லாத இசை செய்கிற வகை, அதைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்த ஆல்பத்தைத் தொடாமல் போக முடியாது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. மடியில் தவில்.]

முதலில், உள்ளே என்ன இருக்கிறது? ஆறே பாட்டு. மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ராக் என்றதும் நாம் எதிர்பார்ப்பது முதல் நொடியிலிருந்தே அதிரும் கிட்டார், தொண்டை கிழியப் பாடும் குரல், திரும்பத் திரும்ப வரும் பல்லவி. இங்கே கிட்டார் பெரும்பாலும் தனித்தனிச் சொட்டாக விழுகிறது. குழுவின் பாடகர் பிரையன் மெக்மஹன் பாடுவதை விடப் பேசுவதுதான் அதிகம். பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பது போல இருக்கும். மூன்றாவது பாட்டில் டிரம்ஸே கிடையாது. ஒரு விருந்துக் கூட்டத்தில் தனியாக நிற்கும் ஒருவனைப் பற்றி, அந்தக் குழுவின் டிரம்மர் பிரிட் வால்ஃபோர்டே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

இரண்டாவது பாட்டை என் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். தவில் வாசிக்கிறவர். வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்போனைக் காதில் வைத்ததும் புருவத்தைச் சுருக்கினார். அப்புறம் தொடையில் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. தக தகிட, தக தகிட. "கண்டம்டா இது" என்றார். ஐந்து எண்ணிக்கை. ராக் பாட்டுகளில் பெரும்பாலும் நான்குதான். கொஞ்ச நேரத்தில் கிட்டார் கூடி இரைச்சல் ஏறியதும் விரல் நின்றது. "ஆறாயிடுச்சு" என்றார். சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

அவர் கண்டுபிடித்ததுதான் இந்த ஆல்பத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். கணக்கு மாறுவதை அவர்கள் சாமர்த்தியமாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடக்கமான இடத்துக்கு ஒரு கணக்கு, வெடிக்கும் இடத்துக்கு இன்னொரு கணக்கு. உடம்பு அதைக் கவனிக்கிறது, மனசுக்குப் புரிவதற்கு முன்பே. ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும் கடைசிப் பாட்டில் நெடுநேரம் காக்க வைக்கிறார்கள். குரல் தாழ்ந்தே இருக்கிறது. கப்பல் மூழ்கி ஒருத்தன் மட்டும் கரையேறிய கதை. முடிவில்தான் அந்தக் குரல் உடைந்து அலறுகிறது. அத்தனை நேரம் அடங்கி இருந்ததால் அந்த ஒரு அலறல் நம்மை அப்படியே ஆட்டிவிடுகிறது.

இதையெல்லாம் செய்தவர்களுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. வால்ஃபோர்டின் பெற்றோர் வீட்டு நிலவறையில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, 1990 ஆகஸ்டில் சிகாகோவுக்குப் போய் நான்கே நாளில் பதிவு செய்தார்கள். பிரையன் பால்சன் பதிவு செய்தார். மெருகு எதுவும் பூசவில்லை. அறையின் காற்றுகூடக் கேட்கிறது.

சரி, வித்தியாசமாக இருந்தால் மைல்கல் ஆகிவிடுமா? ஆகாது. இதே குழுவின் முதல் ஆல்பம் ட்வீஸ் இதைவிடக் கோணலானது. அதை ரசிகர்கள் தேடிக் கேட்பார்கள், அவ்வளவுதான். அதிலிருந்து யாரும் பெரிதாக எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஸ்பைடர்லேண்டில் எடுத்துக்கொண்டு போக ஒரு முறை இருந்தது. மெதுவாகத் தொடங்கு, பாடாமல் பேசு, அல்லது பேசாமலே இரு, காத்திரு, அப்புறம் வெடி. வேறு ஊரில் வேறு பையன்கள் இதைக் கேட்டுவிட்டுத் தங்கள் அறையில் செய்து பார்க்க முடிந்தது.

[திரையில்: நரசிங்கம்பேட்டை. பட்டறையில் கடைந்துகொண்டிருக்கும் நாதஸ்வரம்.]

இதை நம் பக்கத்து உதாரணத்தோடு சொல்கிறேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் நரசிங்கம்பேட்டை. ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்தது குட்டையான திமிரி நாதஸ்வரம். சுருதி மிக உயரம். அதில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பிடிபடாது. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி நீளமான, சுருதி இறங்கிய பாரி நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை உலகமே அறியும். ஆசாரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் இன்றைக்குக் கல்யாண வீட்டில் நீங்கள் கேட்கிற நாதஸ்வரம் பெரும்பாலும் அவர் போட்ட வழியில் செய்ததுதான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஸ்பைடர்லேண்டை நான் அந்தப் பட்டறையோடு சேர்த்துத்தான் வைக்கிறேன்.

ஆல்பம் வந்த அந்த வருடமே ஒருவர் இதைக் கண்டுகொண்டார். குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினி. மெலடி மேக்கர் பத்திரிகையில் பத்து நட்சத்திரம் கொடுத்து, பத்து வருடத்தில் இது ஒரு மைல்கல்லாக நிற்கும், அப்போது பிரதிக்கு அலைவீர்கள், இப்போதே வாங்குங்கள் என்று எழுதினார்.

அப்புறம் நடந்தது எல்லாம் மெதுவாக, கைமாறிக் கைமாறி. 1994இல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ், ராக் வாத்தியங்களை வைத்து ராக் அல்லாத இசை செய்கிற குழுக்களுக்கு போஸ்ட்-ராக் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கவனியுங்கள், ஆல்பம் வந்து மூன்று வருடம் கழித்துத்தான் அந்த வகைக்கே பெயர் ஒட்டியது. 1995இல் ஓர் அமெரிக்கப் படத்தின் பாடல் தொகுப்பில் அந்தக் கடைசிப் பாட்டு இடம்பெற்றது, புதிய காதுகளுக்குப் போனது. 1997இல் ஸ்காட்லாந்தின் மோக்வாய் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தோடு வந்தார்கள். தாழ்ந்த ஒலி, நீண்ட காத்திருப்பு, திடீர் இடி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், சொந்தம் தெரியும்.

கலைந்த குழு 2005இல் மறுபடி மேடை ஏறியது. 2014இல் ஆல்பத்தைப் புதுப்பித்துப் பெரிய பெட்டியாகவே வெளியிட்டார்கள்.

கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். ஃபோன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். மெல்லிய இடங்கள் காணாமல் போய்விடும். ராத்திரி, ஹெட்போனில், முதல் பாட்டிலிருந்து வரிசையாக.

மாமா அன்றைக்கு ஆறு பாட்டையும் கேட்டு முடித்தார். அந்த அலறல் அடங்கியதும் ஹெட்போனைக் கழற்றாமலே, "இந்தப் பையனுங்க இப்ப வாசிக்கிறாங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "அந்த ரெண்டாவதை இன்னொரு தடவை போடு தம்பி" என்று இடது கையில் குச்சியை எடுத்துக்கொண்டார்.